படகில் ஒழுக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மலையடிவாரம். அங்கே ஓர் அணை இருக்கிறது. அணைக்குப் பின்னால் பரந்த நீர்ப்பரப்பு. நீருக்கு அக்கரையில் 22 வீடுகள். எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள்.

பள்ளிக்கூடம் இக்கரையில். ரேஷன் கடையும் இக்கரையில். ஆஸ்பத்திரியும் இக்கரையில். சாலை வழியாகச் சுற்றி வந்தால் 9 கிலோமீட்டர். படகில் வந்தால் 20 நிமிடம்.

ஊருக்கு ஒரு படகு உண்டு. அலுமினியப் படகு. நீளம் 12 அடி. ஒரு சுற்றுலாக்காரர் கழித்துப் போட்டதை மகளிர் குழு ஏலத்தில் எடுத்தது. துடுப்புப் போட்டு ஓட்டுகிறவர் ஒரு பெரியவர். ஊரில் எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தங்கை மகன் அவருக்குத் துணை.

மே மாதக் கடைசி. அன்று காலை ஏழு பேர் படகில் ஏறினார்கள். பாதி வழியில் ஒரு சிறுமி காலைத் தூக்கிக்கொண்டாள்.

"மாமா, தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு."

மாமா துடுப்பை வேகமாகப் போட்டார். மருமகன் டப்பாவால் தண்ணீரை இறைத்தான். கரை சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சிறுமியின் அம்மா அன்று மாலையே சொல்லிவிட்டார்.

"எம் புள்ளையை இனி இந்தப் படகுல ஏத்த மாட்டேன். படிப்பு போனாப் போகட்டும்."

அவரைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இடவப்பாதி மழையும் தொடங்கிவிடும். நீர் ஏறும். காற்று அடிக்கும். மழை வலுக்கும் முன் படகைச் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஏழு பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீர்தானே?

"கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். இறைச்சுக்கிட்டாப் போச்சு" என்றான் மருமகன்.

மகளிர் குழுவின் தலைவி ஓர் அக்கா. மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். கணக்கில் கெட்டி. அவர் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார்.

ஓர் ஓட்டையின் கீழே டம்ளரைப் பிடிக்கிறோம். 5 நிமிடத்தில் டம்ளர் நிறைகிறது. டம்ளர் 250 மில்லி பிடிக்கும். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 12 டம்ளர். அதாவது 3 லிட்டர். இதுபோல 10 ஓட்டைகள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 30 லிட்டர்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஆக 30 கிலோ. பத்து வயதுப் பிள்ளை ஒன்று கூடுதலாக ஏறி உட்கார்ந்த மாதிரி. அதுவும் சும்மா உட்காராத பிள்ளை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ, தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடும். படகை இன்னும் சாய்க்கும். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். கை சற்று அசைந்தாலும் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் ஓடும். தாம்பாளம் கையை இழுக்கும். படகிலும் அதுவே நடக்கிறது.

மருமகன் வாயை மூடிக்கொண்டான்.

அலுமினியம் எப்படிப்பட்டது?

நம் வீட்டில் சோற்றுப் பானை அலுமினியம். இட்லிப் பானையும் அலுமினியம். இந்த உலோகம் பாக்சைட் என்ற கல்லிலிருந்து கிடைக்கிறது. ஒடிசா மாநிலத்தில் பாக்சைட் மிகுதி. நம் நாட்டில் அலுமினியம் உருக்கும் வேலை 1943-இல் கேரளத்தில், ஆலுவாவுக்கு அருகே ஆலுபுரத்தில் தொடங்கியது.

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் மெல்லிய படலம் ஒன்று தானாக உண்டாகும். அந்தப் படலமே அதைக் காக்கும். எடையும் குறைவு. ஒரே அளவுள்ள இரும்புத் துண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். நாலு பேர் சேர்ந்தால் இந்தப் படகைத் தூக்கிவிடலாம். அதனால்தான் படகு செய்ய இது ஏற்றது.

ஆனால் இதற்கும் பகை உண்டு. உப்புத் தண்ணீர் ஒரு பகை. சுண்ணாம்பு, சாம்பல், சலவைச் சோடா இவையும் பகை. எல்லாவற்றிலும் பெரிய பகை செம்பும் பித்தளையும். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டிக் கிடந்தால், அலுமினியம் கரைந்து போகும். செம்புக்கு ஒன்றும் ஆகாது.

மாமா படகின் அடிப் பலகையைக் கழற்றினார். கீழே அழுகிய இலை. சேறு. ஒரு பழைய பித்தளைப் பூட்டு. எத்தனை நாளாகக் கிடந்ததோ! பூட்டை எடுத்தார். அது கிடந்த இடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஒரு குழியில் ஊசி நுழையும் ஓட்டை.

"யாரு பூட்டு இது?" என்று மாமா கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மாமாவின் வீட்டுச் சாவிக்கொத்தில் பூட்டு இல்லாத சாவி ஒன்று வெகு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ரிவெட் ஏன் தளர்கிறது?

வாளியின் காதைப் பாருங்கள். பொத்தான் மாதிரி ஓர் ஆணி இருக்கும். அதுதான் ரிவெட். தறையாணி என்றும் சொல்வார்கள். இரண்டு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைப்பார்கள். ஓட்டை போட்டு ரிவெட்டைச் செருகுவார்கள். ஒரு பக்கம் தலை இருக்கும். மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைச் சுத்தியலால் அடித்துப் பரத்துவார்கள். தகடுகள் இறுகிவிடும்.

இந்தப் படகில் நூற்றுக்கணக்கான ரிவெட்டுகள் இருக்கின்றன. தகடும் தகடும் சேரும் மூட்டுக்குள் ஒரு பசையும் வைத்திருப்பார்கள். தண்ணீரைத் தடுப்பது அந்தப் பசைதான். தகட்டை இறுக்கிப் பிடிப்பது ரிவெட்.

படகு அலையில் அடிபடுகிறது. தகடு வளைந்து நிமிர்கிறது. கரையில் கல்லின் மேல் இழுக்கிறோம். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் ரிவெட்டின் ஓட்டை பெரிதாகும். பசையும் காய்ந்து வெடிக்கும். தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

ஒழுக்கு எங்கே?

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டை இருப்பதாக நினைத்துப் பசையை அப்புகிறார்கள். படகின் முன்பக்கம் நுழைந்த தண்ணீர் பின்பக்கம் வந்து தேங்கும். கூரை ஒழுகுவது போலத்தான். ஓடு உடைந்த இடம் ஒன்று. சொட்டுகிற இடம் வேறு.

மாமா ஓர் எளிய வழி சொன்னார்.

"வெளியில இருக்கிற தண்ணி உள்ளே வருதுல்ல? அதையே திருப்பிப் போடு மாப்ளே. உள்ளே தண்ணி ஊத்து. வெளியே எங்கே சொட்டுதுன்னு கீழே படுத்துப் பாரு."

படகை நான்கு மரக்கட்டைகளின் மேல் வைத்தார்கள். அடிப்பக்கத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்தார்கள். வடிகால் துளையின் அடைப்பானை இறுக்கினார்கள். மருமகன் குடம் குடமாக ஊற்றத் தொடங்கினான். அக்கா தடுத்தார்.

"நிறுத்து கண்ணு. எவ்வளவு ஊத்தப் போற?"

படகின் அடி ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் எவ்வளவு எடை? நீங்களும் போட்டுப் பாருங்கள்.

300 × 100 × 5 = 1,50,000 கன சென்டிமீட்டர். 1,000 கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். ஆக 150 லிட்டர். 150 கிலோ.

தண்ணீரில் மிதக்கும்போது படகின் அடியை நீர் எல்லாப் பக்கமும் தாங்கும். கட்டையின் மேல் நிற்கும்போது அப்படித் தாங்காது. அதிகம் ஊற்றினால் நல்ல ரிவெட்டும் தளர்ந்துவிடும். மூன்று விரல் உயரம் போதும். கட்டைகளையும் நான்கிலிருந்து ஆறாக்கினார்கள்.

மருமகன் கீழே படுத்தான். சில ரிவெட்டுகளில் தண்ணீர் உடனே சொட்டியது. சிலவற்றில் பத்து நிமிடம் கழித்து முத்துப் போலக் கோத்து நின்றது. ஒரு மூட்டில் ஒரு முழ நீளத்துக்கு வியர்த்தது. ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டான். பென்சிலால் குறி வைக்கக் கூடாது. பென்சில் கரியும் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும்.

மொத்தம் 17 ரிவெட்டுகள். ஒரு மூட்டு. ஒரு பூட்டு ஓட்டை.

தண்ணீரை வடித்தபின் மாமா இன்னொரு சோதனையும் செய்தார். குறி வைத்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறு சுத்தியலால் தட்டினார். உள்பக்கம் மருமகன் விரலை வைத்துக்கொண்டான். இறுகிய ரிவெட் "டிங்" என்றது. தளர்ந்தது "டொக்" என்றது. விரலுக்கும் அசைவு தெரிந்தது. 11 ரிவெட்டுகள் தளர்ந்தவை. மற்ற 6 இறுக்கமாகவே இருந்தன. அவற்றில் பசை மட்டும் போயிருந்தது.

வெல்டிங் வைத்தால் என்ன?

"எதுக்கு மாமா இவ்வளவு பாடு? வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனா ஒரு மணி நேர வேலை" என்றான் மருமகன்.

சாதாரணப் பட்டறையில் இரும்பை ஒட்டுகிறார்கள். அலுமினியத்துக்கு ஆர்கான் வாயுவோடு கூடிய தனி எந்திரம் வேண்டும். பழகிய கையும் வேண்டும். இரும்பு உருகும் முன் சிவக்கும். நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். அலுமினியம் 660 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். நிறம் மாறாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகட்டில் பெரிய ஓட்டை விழும். சூடு பட்டால் பக்கத்து ரிவெட்டுகளும் தளரும். மூட்டுக்குள் இருக்கும் பசையும் கருகும். ஓர் ஒழுக்கை அடைக்கப் போய் ஐந்து ஒழுக்கு வாங்கி வருவோம்.

தார் பூசலாம் என்றார் ஒருவர். மர வள்ளத்துக்குத் தார் சரி. பளபளப்பான அலுமினியத்தில் தார் நெடுநாள் பிடிக்காது. வெயிலில் இளகும், பிறகு உரியும். அதற்குள் ஓட்டை எங்கே என்பதையும் மறைத்துவிடும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கோன் பசையும் வேண்டாம். அது ஓரம் விட்டு உரிந்து வரும். அது பட்ட இடத்தில் வேறு எந்தப் பசையும் பெயின்டும் ஒட்டாது. குழாய் ஒழுக்குக்கு உருட்டி வைக்கும் எம்-சீல் அவசரத்துக்கு ஆகும். நடு ஆற்றில் ஓட்டை விழுந்தால் வேறு வழியில்லை. ஆனால் அது கல்லாக இறுகும். படகுத் தகடு வளையும்போது வெடித்துவிடும்.

முதலில் இறுக்கு

தளர்ந்த ரிவெட்டின் மேல் எந்தப் பசை வைத்தாலும் நிற்காது. ரிவெட் ஆடும். பசை கிழியும். அதனால் முதல் வேலை இறுக்குவது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே இருந்து ரிவெட் தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே இருந்து வாலை அடிக்க வேண்டும். தலை நசுங்கக் கூடாது. அதற்காக மாமா லேத் பட்டறைக்குப் போனார். இரண்டு கிலோ இரும்புத் துண்டின் முகத்தில் ரிவெட் தலை அளவுக்குச் சிறு குழி எடுத்து வாங்கி வந்தார்.

"புடிச்சுக்கிட்டயா?"

"புடிச்சுட்டேன் மாமா."

டக். டக். டக். மூன்று நான்கு அடி. அவ்வளவுதான். வேகம் வந்து பத்து அடி அடித்தால் அலுமினியம் கெட்டிப்பட்டு விரிசல் விடும். மருமகன் ஒன்றை அப்படி அடித்து உடைத்தான். மாமா திட்டவில்லை. "அதையும் மாத்துற கணக்குல சேத்துக்கோ" என்றார்.

11-இல் 7 ரிவெட்டுகள் இறுகிவிட்டன. 4 இறுகவில்லை. ஓட்டை பெரிதாகிவிட்டது. மருமகன் உடைத்தது இந்த நான்கில் ஒன்று. இவற்றைக் கழற்றிப் புதிது போட வேண்டும்.

கழற்றுவது எப்படி? தலையின் நடுவில் ஆணியால் ஒரு புள்ளி குத்த வேண்டும். ரிவெட்டின் கனத்தைவிடச் சற்றுச் சிறிய துளைப்பானால் தலையை மட்டும் துளைக்க வேண்டும். தலை கழன்று வரும். பிறகு மீதியை உள்பக்கம் தட்டித் தள்ள வேண்டும். டிரில் தகட்டைத் தொடக் கூடாது. தொட்டால் ஓட்டை இன்னும் பெரிதாகும்.

புது ரிவெட்டும் அலுமினியமாகவே இருக்க வேண்டும். செம்பு, பித்தளை ஆகாது. இரும்பு ஆணியும் ஆகாது. ஓட்டை பெரிதாகியிருந்தால் ஒரு சுற்றுக் கனமான ரிவெட் வாங்க வேண்டும். ஓட்டையையும் அந்த அளவுக்குச் சரி செய்ய வேண்டும். நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. செருகியபின் வால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்? ரிவெட்டின் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு. 6 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் 9 மில்லிமீட்டர். குறைந்தால் பரந்து பிடிக்காது. கூடினால் வளைந்துகொள்ளும்.

மூன்று ரிவெட்டுகளைப் படகுப் பசையில் தோய்த்துச் செருகி அடித்தார்கள். இந்தப் பசைக்குப் பாலியூரித்தேன் என்று பெயர். இறுகினாலும் ரப்பர் போல வளையும். நான்காவது ரிவெட் இருக்கைக்கு அடியில். அங்கே சுத்தியல் போகவில்லை. ஒரு பக்கமிருந்தே கருவியால் இழுத்துப் போடும் பாப் ரிவெட் உண்டு. ஆனால் கடையில் வழக்கமாகத் தருகிற பாப் ரிவெட்டின் நடுவே துளை இருக்கும். அதன் வழியே தண்ணீர் வரும். முனை மூடிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மாமா அதற்காக நான்கு கடை ஏறி இறங்கினார்.

இருக்கைக்குள் வெள்ளைத் தெர்மாகோல் போன்ற கட்டிகள் இருந்தன. மருமகன் குப்பை என்று எடுத்து எறியப் போனான். மாமா பிடுங்கித் திரும்ப வைத்தார். படகில் தண்ணீர் நிறைந்தாலும் அது முழுகாமல் மிதக்க வைப்பது அந்தக் கட்டிகள்தான். தண்ணீர் குடித்து ஊறிப்போன கட்டியை மட்டும் மாற்ற வேண்டும்.

பிறகு அடை

மூட்டுக்கும், இறுகிய மற்ற ரிவெட்டுகளுக்கும் இப்பாக்சி என்ற பசை வாங்கினார்கள். இரண்டு டப்பாக்கள். ஒன்றில் பசை. மற்றதில் அதை இறுக வைக்கும் மருந்து. இரண்டையும் கலந்தால்தான் இறுகும்.

அதற்கு முன் தகட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். பாதி வேலை இதுதான். சலிப்பான வேலையும் இதுதான். பழைய பசையை மூங்கில் சிம்பால் சுரண்டினார்கள். சோப்புத் தண்ணீரால் கழுவினார்கள். வெயிலில் உலர வைத்தார்கள். எவர்சில்வர் கம்பி நாரால் தேய்த்தார்கள். இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தால் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து பிறகு துருவாக நிற்கும். செம்பு நார் கூடவே கூடாது. கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தார்கள். தின்னர் பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. காற்றோட்டமான இடம் வேண்டும். கையில் உறை வேண்டும். இப்பாக்சி தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும்.

தேய்த்த உடனே பசை பூச வேண்டும். நாளைக்கு என்று விட்டால் காற்றுப் பட்டு மறுபடியும் அந்த மெல்லிய படலம் தடித்துக்கொள்ளும். பசை சரியாகப் பிடிக்காது.

மருமகன் இரண்டு டப்பாவிலிருந்தும் கண்மட்டமாகச் சரிபாதி ஊற்றிக் கலக்கினான். பூசினான். மறுநாள் பார்த்தார்கள். பலாப் பிசின் மாதிரி பிசுபிசுத்தது. இன்னொரு நாள் விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அதே பிசுபிசுப்பு. வாங்கிய பசையில் பாதி வீண். குழுவின் பணம் அது. மருமகனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"கடைக்காரன் கெட்டுப்போன சரக்கைக் குடுத்துட்டான்" என்றான்.

அக்கா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தெல்லாம் ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஓரத்தில் ஒரு படம். இரண்டு குவளை ஒரு பக்கம், ஒரு குவளை மறுபக்கம். கீழே 2 : 1 என்று போட்டிருந்தது.

"இங்க பாரு கண்ணு. இது ரெண்டு பங்கு, அது ஒரு பங்கு. நீ சரிபாதி ஊத்திட்ட. மருந்து கூடினா சீக்கிரம் இறுகும்னு நெனச்சயா?"

அவன் அப்படித்தான் நினைத்திருந்தான். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பசையில் ஒரு பங்கு மருந்தின் ஒரு பங்கோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அளவு மீறிய மருந்துக்குச் சேரத் துணை இல்லை. அது இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். எல்லாப் பசைக்கும் 2 : 1 என்பதும் இல்லை. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஓர் அளவு உண்டு. அதைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

பிசுபிசுப்பைச் சுரண்டித் தின்னரால் துடைக்க ஒரு முழு நாள் போனது. திரும்பவும் தேய்த்தார்கள். இந்த முறை அக்கா இருமல் மருந்துப் பாட்டிலின் அளவு மூடியைக் கொண்டுவந்தார். பசை 10 மில்லி. மருந்து 5 மில்லி. மூன்று நிமிடம் நன்றாகக் கலக்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகவே கலந்தார்கள். நிறையக் கலந்து வைத்தால் கிண்ணத்திலேயே சூடாகி இறுகிவிடும்.

மாமா நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினார். பிற்பகல் மூன்று மணி. தகடு வெயிலில் சுட்டிருந்தது. சூடான தகட்டில் பசை தண்ணீர் போல இளகி மூட்டுக்குள் இறங்கியது. மாலையில் தகடு குளிர்ந்தது. மூட்டுக்குள் இருந்த காற்று சுருங்கியது. பசையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. காலை வேளையில் பூசினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். காற்று விரிந்து பசையில் குமிழி விடும்.

உள்பக்கம்தான் பூசினார்கள். வெளியே பூசினால் கரையேற்றும்போது கல்லில் உரசிப் போய்விடும். பூட்டு ஓட்டைக்கு மட்டும் வேறு வேலை. அங்கே தகடே மெலிந்துவிட்டது. உள்ளங்கை அகல அலுமினியத் துண்டை வெட்டி, பாலியூரித்தேன் பசை வைத்து, சுற்றிலும் சிறு ரிவெட் அடித்தார்கள். வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போலத்தான்.

இப்பாக்சி வெயிலில் நாளடைவில் பொடியும். அதனால் நன்றாக இறுகிய பிறகு அதன் மேல் பெயின்ட் பூசினார்கள். செம்பு கலந்த பெயின்டா என்று அக்கா கடையில் கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டே வாங்கினார்.

தண்ணீரில்

ஒரு வாரம் படகை விட்டுவைத்தார்கள். பிறகு மறுபடியும் கட்டையின் மேல் ஏற்றி மூன்று விரல் தண்ணீர் ஊற்றினார்கள். இந்த முறை அந்தச் சிறுமியின் அம்மாவும் வந்திருந்தார். யாரையும் நம்பாமல் தானே கீழே குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சாக்பீஸ் வட்டத்தையும் விரலால் தொட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. பின்பக்கம் ஒரு ரிவெட்டில் மட்டும் ஒரு முத்து கோத்து நின்றது. விழவில்லை.

"இது?" என்று கேட்டார்.

"அது வேர்க்குது அம்முணி. ஒரு மணிக்கு ஒரு ஸ்பூன் வராது. பள்ளிக்கூடம் லீவு விடறப்போ மாத்திடலாம்" என்றார் மாமா.

வாழைத்தண்டுகளை உருளையாகப் போட்டுப் படகைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். இனிக் கல்லில் இழுப்பதில்லை. முதல் நாள் ஆளில்லாமல் கரையோரம் கட்டி வைத்தார்கள். இரண்டாம் நாள் மாமாவும் மருமகனும் மட்டும் போனார்கள். மூன்றாம் நாள் மூட்டை ஏற்றினார்கள்.

அன்று மாலை குழுக் கூட்டத்தில் ஆள் கணக்குப் பற்றிப் பேச்சு வந்தது. ஒழுகாத படகும் அளவுக்கு மேல் ஏற்றினால் கவிழும். 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்தவர்களின் படகு பெரியாற்றில் மூழ்கியது. 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முடிவு செய்தார்கள். படகில் ஒரு நேரத்தில் ஐந்து பிள்ளைகள், ஓட்டுகிறவர் ஒருவர். ஏழு பேரையும் ஒரே நடையில் கொண்டுபோவதில்லை. இரண்டு நடை. எல்லாருக்கும் மிதவைச் சட்டை. காற்று பலமாக இருந்தால் படகு கிளம்பாது. சாலை வழியே 9 கிலோமீட்டர் ஜீப்பில். ஜீப் செலவுக்கு வீட்டுக்கு மாதம் 30 ரூபாய்.

"ரெண்டு நடைன்னா எனக்கு ரெட்டைக் கூலி" என்றார் மாமா சிரித்துக்கொண்டே. அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மாமா வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் கூலி கொஞ்சம் கூடியது உண்மை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தச் சிறுமி முதல் நடையில் ஏறினாள். அம்மா கரையில் குடையோடு நின்றார். நடுவழியில் சிறுமி குனிந்து அடிப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் தண்ணி இருக்கு."

மாமா துடுப்பை நிறுத்தினார். மருமகன் எட்டிப் பார்த்தான். விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மழைத் தண்ணி" என்றான். டப்பாவை அவளிடம் கொடுத்தான். அவள் இறைக்கத் தொடங்கினாள்.